ரயில் கேசட்டுகளில் அவள் குரல்

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். உங்க வூட்ல வேற யாரும் பேசவே மாட்டாங்களா? நாலு கேசட்டு ஓடிச்சி. ரயிலு மட்டும்தான் கத்திக்கினு கீது."

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடிக் கடையில், பழைய வீடியோ கேசட்டுகளை கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அடுத்த கேசட்ல பேசுவாங்க" என்றேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அன்றும் வந்தது. அவர்மேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. யார்மேல் என்று ஒத்துக்கொள்ள அப்போது மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொல்லி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனி பயமில்லை என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போய்விட்டது. சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிப்பதற்குள் சொல்ல வந்ததில் பாதி ஆறிப்போகிறது. கோபத்தை நோட்டில் எழுதிக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் இருந்தார். தொண்டையில் வைத்துப் பேசும் கருவி, அது இது என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "இவங்க பழைய குரல் ஒரு பத்து நிமிஷம் இருந்தா போதும் சார். போன்ல ஒரு ஆப் இருக்கு. அதுக்கு அந்தக் குரலைக் கொடுத்துட்டா, அப்புறம் இவங்க டைப் பண்றதை எல்லாம் இவங்க குரல்லயே பேசும். ஆனா நல்லா பேசின குரலா இருக்கணும். கூட வேற சத்தம் இருக்கக் கூடாது."

அதைக் கேட்டபோது என் மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை, ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதலில் பார்த்தேன். நோட்டைப் பிடுங்காத குறையாக எடுத்து, "என் குரலா? நெசமாவா?" என்று எழுதி அந்தப் பெண்ணிடம் காட்டினாள்.

எங்களுக்கு ஒரே மகள். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். அவள் அன்றைக்கே எல்லாருடைய போனையும் வாங்கித் துழாவினாள். கிடைத்தவை அத்தனையிலும் குரல் கரகரவென்று உடைந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வருஷமாகவே என் மனைவி அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். மிளகுப் பால் குடி, சரியாகிவிடும் என்று இரண்டு வருஷமும் சொன்னவன் நான். அந்தக் கணக்கைத் தனியாகத் தீர்க்க வேண்டும், இங்கே அதற்குள் போகவில்லை. அதற்கு முன்னால் அவளிடம் இருந்தது பட்டன் போன். மகளின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு மனுஷர் பேசுவதும் கேட்காது. முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், மற்றதுக்கெல்லாம் சினிமாப் பாட்டு என்று எடுத்தவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து எல்லாரையும் வரவேற்கிறாள், பின்னால் டூயட் ஓடுகிறது.

"அப்பாவோட ரயில் கேசட் இருக்கே!" என்றாள் மகள். "எங்க போனாலும் நம்மளையும் கூட்டிட்டுத்தானே போனே? அதுல அம்மா பேசாம இருக்குமா?"

ஏன் எனக்கு இது தோன்றவில்லை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். கேசட்டுகள் பிஸ்கட் டின் இரண்டில் பத்திரமாக இருந்தன. முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்த வருஷம், என் மனைவி மகளின் சர்டிபிகேட்டுகளையும் அரிசி மூட்டையையும் மாடிக்குத் தூக்கினாள். நான் தூக்கியது இந்த டின்களை. அதற்காக அவள் என்னைக் கிண்டல் பண்ணாத வருஷமே கிடையாது. இப்போது மார்தட்டிக்கொண்டேன். "பாத்தியா, அன்னிக்கு நான் காப்பாத்தினது எதுக்கு ஆச்சு? பத்து நிமிஷம் என்ன, பத்து மணி நேரம் எடுத்துத் தரேன் பார்" என்றேன்.  அவள் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். "பாருங்க." சம்மதம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ரயில் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்தவன் நான். அப்போது இந்தப் பக்கம் எல்லாம் மீட்டர் கேஜ், குறுகிய பாதை. அதை எல்லாம் பெயர்த்து அகலப் பாதை ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், இருக்கிறபோதே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. துபாயிலிருந்த அத்தை மகனிடம் சொல்லி ஒரு வீடியோ கேமரா வாங்கிவரச் செய்தேன். ஆடியோ கேசட் அளவுக்குச் சின்ன கேசட் போடுகிற கேமரா. ராமேசுவரம், செங்கோட்டை, விழுப்புரம் பாசஞ்சர் என்று லீவு கிடைத்தபோதெல்லாம் கிளம்பினோம். மற்றவர்கள் குடும்பத்தோடு கோயிலுக்கும் குளத்துக்கும் போவார்கள், போகிற வழியில் ரயில் ஏறுவார்கள். நாங்கள் ரயிலுக்காகப் போவோம், போன இடத்தில் கோயில் இருந்தால் பார்ப்போம்.

என் மனைவி கோவளத்துப் பக்கம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா கட்டுமரத்தில் போனவர், அம்மா மீன் விற்றவர். கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். எங்கள் வீட்டில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, படித்தவர்கள் மாதிரி தணிந்த குரலில் பேசக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. ரயிலில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டோம். என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள், சந்தோஷம் மிஞ்சிப்போனால் 'யோவ்.' தனியாக இருக்கும்போது எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். நாலு பேர் முன்னால் கூப்பிட்டால் காது சிவந்துவிடும். 'நீங்க' என்று சொல்லேன் என்று கெஞ்சிக் கெஞ்சி மாற்றினேன்.

கேசட்டுகளுக்கு வருகிறேன். பாதிக்கு மேல் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருகாணி கழற்றிப் பிரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியில் நாடாவைக் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தார். இதில் அவசரம் என்பதே கிடையாது. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். நான் தினமும் காலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அவள் குரல் வருகிற இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவும் கொண்டுபோனேன்.

முதல் கேசட்டில் வந்தது என் குரல். "இன்று நாம் பயணம் செய்வது விழுப்புரம் பயணிகள் வண்டி. வண்டி எட்டு நிமிடம் தாமதமாகப் புறப்படுகிறது." ஏதோ ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி அப்படி ஒரு தமிழ். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மைக் கேமராவிலேயே இருப்பதால், கேமராவைப் பிடித்தவன் குரல்தான் காதுக்குள் வந்து பேசுவது போல் கேட்கும். பிறகு என்ஜின், தண்டவாளம், ஹார்ன். ஜன்னலுக்கு வெளியே பொட்டல், பனைமரம், இன்னொரு ஸ்டேஷன். இரண்டாவது கேசட்டிலும் அப்படியே. மூன்றாவதில் ஒரு இடத்தில் அவள் "அய்ய, இத பாரு..." என்று ஆரம்பித்தாள். நான் பேனாவை எடுத்தேன். உடனே ஒரு "உஷ்" கேட்டது. என்னுடையது. அதற்குப் பிறகு அந்தக் கேசட்டில் அவள் இல்லை.

அங்கேதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்றால் பொய். எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன். ரயில் பைத்தியம் பிடித்த நாங்கள் எல்லாம் என்ஜின் சத்தத்துக்காக உயிரை விடுகிறவர்கள். படம் ஆடினால்கூடப் பரவாயில்லை, சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் ஒரு பெருமை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் பேசக் கூடாது. இருமல் வந்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். நானே போட்ட சட்டம் அது, நானே அதை எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

பாம்பன் பாலக் கேசட் ஓடிய அன்று கடைக்காரர்கூடக் கிண்டல் பண்ணவில்லை. வண்டி கடலுக்குமேல் ஊர்கிறது. காற்று மைக்கில் அடித்துக் குமுறுகிறது. கடலைப் பார்த்ததும் அவளுக்கு அடக்கத் தெரியவில்லை. "யோவ்! கடலுய்யா! எம்மாம் பெர்சு..." அவ்வளவுதான். கேமரா ஒரு குலுக்குக் குலுங்கியது. ஓரத்தில் என் கை வந்து அவள் தோளை அழுத்துவது தெரிந்தது. அடிக்கவில்லை, அழுத்தினேன், அவ்வளவுதான் என்று நானே எனக்குச் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். கடலில் வளர்ந்தவளைக் கடலுக்குமேல் வைத்து வாயை அடைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் மகள் போன் பண்ணினாள். "கிடைச்சுதாப்பா?"

"பூஞ்சை நிறைய பிடிச்சிருக்கும்மா. சத்தம்தான் எல்லாத்துலயும் போயிடுச்சு. படம் மட்டும் வருது" என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே அதிர்ச்சி. எதிரே சோபாவில் என் மனைவி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆபரேஷனில் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளும் போனேன். ஒரே ஒரு கேசட்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது, கேமரா வந்த வாரத்தில் எடுத்தது. விழுப்புரம் வரை போய் அன்றே திரும்பினோம், மகளுக்கு நாலு வயது. அப்போது சட்டம் எதுவும் இல்லை. என் மனைவி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், கத்தினாள், பாடினாள், எதிர் சீட்டுக்காரரோடு சண்டைகூடப் போட்டாள். பத்து நிமிஷத்துக்கு அது ஒன்றே போதும். டின்னைக் கொட்டித் தேடினேன். கிடைத்தது. மேலே ஒட்டிய தாளில் 'விழுப்புரம்' என்று எழுதியதை அடித்துவிட்டு, கீழே 'பெருங்களத்தூர் கேட், சரக்கு வண்டி' என்று என் கையெழுத்து.

அவள் பேச்சை அழித்து அதன்மேலேயே வேறு படம் எடுத்ததற்குக் காரணம் வெறும் என்ஜின் சத்தம் இல்லை. அதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் பூசி மெழுகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பைத்தியங்கள் நாலைந்து பேர் குரோம்பேட்டையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். அவர் பேங்க் ஆபீசர், பெரிய டிவி வைத்திருந்தார். அந்த முதல் கேசட்டைப் பெருமையாக அங்கே போட்டேன். ரயில் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு என் மனைவியின் குரல் அந்த ஹால் முழுக்க நிறைந்தது. 'இன்னாய்யா', 'கீது', 'வந்துக்கினு' என்று அவள் பாஷை அத்தனையும் அந்தப் பெரிய டிவியிலிருந்து கொட்டியது. பேங்க் ஆபீசர் என் பக்கம் திரும்பி, "என்ன சார், சவுண்டு மட்டும் காசிமேடு மீன் ஏலத்துல எடுத்தீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நானும் சிரித்தேன். 'அது என் பெண்டாட்டி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. டீயையும் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் நின்று அந்தக் கேசட்மேலேயே சரக்கு வண்டிகளை எடுத்தேன். வீட்டில், "உன் குரல் ஜாஸ்தியா விழுது. என்ஜின் சத்தம் கெட்டுப்போகுது. இனிமே கேமரா ஓடறப்ப பேசாதே" என்றேன். "அப்டியா? தெரியாம பேசிட்டேன்பா" என்றாள் அவள். அதோடு சரி, ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் கேசட்டையும் ஓட விட்டோம். பெட்டி பெட்டியாகச் சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம். கடைசி வண்டியின் கடைசிப் பெட்டியும் போய், படம் ஒரு தடவை கோடு கோடாகக் கலைந்தது. சட்டென்று சாயங்கால வெளிச்சம். செங்கல்பட்டு ஏரி. புதிதாக எடுத்தது முடிந்த இடத்துக்கும், பழையது முடிந்த இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் அழியாமல் மிஞ்சியிருக்கிறது. மடியில் மகளை வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி அவள் நேராக என்னைப் பார்த்துக் கத்துகிறாள். "யோவ், இன்னாத்துக்கு அந்த எஞ்சினையே புடிச்சினு கீறே? எங்க ரெண்டு பேர புடிய்யா! ரயிலு நாளைக்கும் வரும்!" அப்புறம் நீலத் திரை.

கடைக்காரர் மெதுவாக, "இது யாரு சார்?" என்று கேட்டார்.

"என் ஒய்ப்" என்றேன். முப்பது வருஷம் தள்ளிச் சொன்னேன். அவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதேன். அவர் எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். பதினோரு விநாடி. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் அதுதான் கணக்கு. பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் பண்ணி, பதினோரு விநாடி இருந்தால் போதுமா என்று கேட்டேன். அவர், "ரொம்பக் குறைச்சல் சார்" என்றார். அதிலும் பாதிக்கு மேல் சக்கரச் சத்தம் இருக்கிறது.

சனிக்கிழமை மகள் என்னிடம் சொல்லாமலே கடைக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு லீவு நாள், மாற்றிய வீடியோக்களை பென் டிரைவில் வாங்கி வரலாம் என்று நினைத்திருக்கிறாள். பூஞ்சையால் சத்தம் போய்விட்டதாமே என்று கேட்டதற்கு, கடைக்காரர், "யாரு சொன்னது? சவுண்டெல்லாம் ஜம்முனு கீதும்மா" என்று சொல்லி ஹெட்போனைக் கொடுத்திருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பூஞ்சையெல்லாம் இல்லப்பா. நீதான்" என்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன். "அப்போ எல்லாரும் அப்படித்தாம்மா எடுப்போம். சவுண்டு க்ளீனா இருக்கணும்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். "எனக்கு ஞாபகம் இருக்குப்பா. ட்ரெயின்ல போனாலே நான் அம்மா புடவைக்குள்ள மூஞ்ச வெச்சுக்கிட்டுத்தான் பேசுவேன். எல்லார் வீட்டுலயும் ட்ரெயின்னா அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தேன்." மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

ஆனால் மகள் ஒன்று கண்டுபிடித்திருந்தாள். நான் கதவருகே நின்று கேமராவை வெளியே நீட்டி எடுத்தபோதெல்லாம், எனக்குப் பின்னால் என் மனைவி மகளிடம் ரகசியக் குரலில் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அது அப்போது என் காதில் ஏறவேயில்லை, கடையிலும் தண்டவாளச் சத்தத்தில் பிடிபடவில்லை. வண்டி மெதுவாகப் போகிற இடங்களில் மட்டும் லேசாகக் கேட்கிறது. "சத்தம் போடாதடா, அப்பா எடுக்குறாரு." "அப்புறமா சொல்றேன்." "தண்ணி வோணுமா? தலைய மட்டும் ஆட்டு." ஒரு வாரம் லீவு போட்டு மகள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். தண்டவாளச் சத்தத்தைக் குறைத்து, என் "உஷ்" எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, அம்மாவின் பேச்சைத் துண்டு துண்டாகப் பொறுக்கினாள். பாம்பன் கேசட்டில் நான் அடக்கிய பிறகும், காற்று தணிந்த ஒரு இடத்தில் என் மனைவி மகளிடம் பேசியிருக்கிறாள். ஹெட்போனில் அதை எனக்கும் போட்டுக் காட்டினாள் மகள்.

"அது விசைப்படகு. எங்க நைனாது கட்டுமரம். மார்கழில மூட்டம் போட்டுச்சின்னா கரையே தெரியாது. நாங்க எல்லாம் கரைல நின்னுக்கினு கத்துவோம். என் குரலு தனியா தெரியும்னு நைனா சொல்லும். அத வெச்சித்தான் கரைக்கு வரும்."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவன் நான். எனக்கு இது தெரியாது. நாலு வயதுக் குழந்தையிடம், அதுவும் எனக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று காதோடு சொல்லியிருக்கிறாள். நான் அப்போது பாலத்தின் இரும்பு உத்தரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு உத்தரமும் தெளிவாகத் தெரிகிறது.

பொறுக்கியதெல்லாம் சேர்ந்து ஒருவழியாகப் பத்து நிமிஷம் தேறியது. பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கொடுத்தோம். கேட்டுவிட்டு, "குரல் ரொம்பத் தணிஞ்சு இருக்கே, இவங்க எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்களா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். "இல்லை" என்றேன். "சரி, முயற்சி பண்ணிப் பார்ப்போம். எந்தக் குரலைக் கொடுக்கிறோமோ அதைத்தான் அது கத்துக்கும்" என்றார்.

நாலு நாள் கழித்து ஆப்பில் குரல் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அதை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டு, போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள். கடைசியில் பொத்தானை அழுத்தினாள்.

"சோறு வெந்துச்சான்னு பாரு."

அது அவள் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். அவள் முகம் அப்படியே தொங்கிப்போனது. மகள் போனை வாங்கி சவுண்டை முழுக்கக் கூட்டினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். சத்தம் பெரிதாகக் கேட்டது, குரல் ஒளிந்துகொண்டேதான் பேசியது. தெரு முனையிலிருந்து கூப்பிட்டால் வீடு வரைக்கும் கேட்கிறவளை, இந்த மெஷின் அறிந்தது இப்படித்தான். நான் அவளை விட்டுவைத்த அளவுக்குத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். பேங்க் ஆபீசர் வீடு, பெரிய டிவி, காசிமேடு, எல்லாரும் சிரித்தது, கூட நான் சிரித்தது, அடுத்த வாரமே கேசட்டை அழித்தது என்று ஒன்று விடாமல். "என்ஜினுக்காக இல்லை. உன் பேச்சு எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.  மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. மகளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு நிதானமாகத் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். பிறகு போனை என் பக்கம் திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அந்தத் தணிந்த குரல் பேசியது.

"அன்னிக்கே தெரியும்யா. எஞ்சினு அணைஞ்சி, வண்டி சும்மா நின்னுக்கினு இருந்தப்பக்கூட என்னிய உஷ்ஷுன்னு தானே சொன்னே."

மகள் தலையைத் தூக்கி, உண்மையா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.